ஆற்றங்கரைக் கம்பத்துக்குக் கக்கூஸ் வந்த விதம்

கக்கூஸ் வேலை பார்த்தவனிடம் யாரும் பக்கத்தில் வந்து பேச மாட்டார்கள். தூரத்தில் நின்று வேலை மட்டும் ஏவுவார்கள். வாளி தூக்கிய, சாக்கடை வெட்டிய என் கூட்டாளிகளே, இது உங்களுக்குத் தெரியாததா? ஜப்பான்காரன் வருவதற்குப் பல வருஷம் முன்னால் மலாயாவில், கோத்தா திங்கியில் நான் சுகாதாரக் கூலி. படிப்பு அதிகமில்லை. ஞாபகம் மட்டும் நிறைய.

பலகை

டவுனில் கடைக்காரர் வீடுகளுக்கெல்லாம் வாளிக் கக்கூஸ் கட்டிக் கொடுத்தோம். நாங்கள் குடியிருந்த குடிசை ஊரான ஆற்றங்கரைக் கம்பத்தில் ஒன்றும் கிடையாது. யாரிடமும் கேட்காமல் போட்ட அத்தாப்பு ஓலைக் குடிசைகள். ஆற்றின் மேல் நீட்டிய ஒரு பலகைதான் எல்லாருக்கும். அடைமழையில் என் மனைவி முனியம்மா அதிலிருந்து வழுக்கி விழுந்தாள். சேலையைப் பிடித்து இழுத்துக் கரையில் போட்டார்கள். உயிர் பிழைத்தாள், இடது கால் சரியாகவில்லை. அந்தக் காலோடு மறுபடியும் அதே பலகைக்குத்தான் போக வேண்டும்.

எங்களை வேலை வாங்கும் மேலாள் மண்டோர் கோவிந்தனிடம், மேலே சொல்லி எங்களுக்கும் ஒரு கக்கூஸ் வாங்கித் தரும்படி கேட்டேன். வெற்றிலையைத் துப்பிவிட்டு, எல்லார் முன்னாலும் சொன்னான்:

"ஊருக்கெல்லாம் கட்டுறவன் நீ. உன் பொண்டாட்டிக்கு ஒண்ணு கட்டத் தெரியலையா லா?"

யார் வீட்டுப் பக்கம்

கம்பத்தில் வாந்திபேதி வந்தது. டவுன்காரர்களுக்குப் பயம் வந்தது. அதன் பிறகு உத்தரவும் வந்தது: நாலு கதவு வைத்த கக்கூஸ் ஒன்று. எல்லாருக்கும் வேண்டும், யாருக்கும் தன் வீட்டுப் பக்கம் வேண்டாம். நான் முளைக்குச்சி அடிக்க அடிக்க யாராவது பிடுங்கிப் போட்டார்கள். பக்கத்தில் காய்கறி போட்டிருந்த சீனர் ஆ செங் வந்து, குச்சியை எடுத்துத் தன் வேலியோரம் ஊன்றிவிட்டு மலாயில் சொன்னார்:

"சண்டை போடாதீங்க. உங்களுக்கு வேண்டாதது என் கீரைக்கு வேணும்."

பூட்டு

சிமெண்டுத் தரை, தகரக் கூரை. கம்பத்திலேயே ஒழுகாத கட்டடம் அது ஒன்றுதான். கட்டி முடித்த அன்றே மண்டோர் நாலு கதவுக்கும் பூட்டுப் போட்டான். சுகாதார இலாகா வெள்ளைக்காரத் துரை வந்து பார்க்கும்வரை அழுக்காகக் கூடாதாம். துரை வரவில்லை, மழைதான் வந்தது. முனியம்மா பூட்டுகளைக் கடந்து பலகைக்குப் போய் வந்துகொண்டிருந்தாள். ஒரு நாள் மண்டோர் கதவைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தபோது நின்று கேட்டாள்:

"கோயிலக்கூட தினம் தொறக்கறாங்க. உங்க சாமிக்கு எப்பண்ணே நடை தொறப்பீங்க?"

பார்வை

கடைசியில் துரை வந்தார், கூடவே அவருடைய ஆபீஸ் எழுத்தர் கிராணியும். மண்டோர் பூரிப்போடு பூட்டுகளைத் திறந்தான். வாளிகள் பளபளத்தன. துரை இங்கிலீஷில் என்னவோ சொன்னார். கிராணி அதைத் தமிழில் சொன்னார்: கட்டி இத்தனை நாளாகியும் யாரும் போகவில்லை, இவர்களுக்கு ஆறே போதும் போலிருக்கிறது, வாளிகளைக் கழற்றி வேறு கம்பத்துக்குக் கொண்டுபோங்கள். பூட்டியது தான்தான் என்று மண்டோர் சொல்லவில்லை. நான் சொல்ல வாயெடுத்தேன். என் காலை மிதித்தான். அந்த மிதி இன்னும் எனக்கு மறக்கவில்லை.

கூட்டத்திலிருந்து முனியம்மா நொண்டிக்கொண்டு வந்தாள். துரையைத் தாண்டிப் போய், முதல் கதவுக்குள் நுழைந்து தாழ் போட்டாள். துரை திரும்பி நின்று ஆற்றைப் பார்த்தார். கிராணி வானத்தைப் பார்த்தார். அவள் வெளியே வந்து, சேலையைச் சரிசெய்துகொண்டு கிராணியிடம் சொன்னாள்:

"ஒருத்தி போயிட்டு வந்துட்டான்னு தொரைகிட்ட சொல்லுங்க. இனிமே வாளியக் கழட்டறவங்கதான் கழுவி எடுத்துட்டுப் போகணும்."

வாளிகள் அங்கேயே இருந்தன, பூட்டுகள் போயின, கம்பத்துக்குக் கக்கூஸ் கொண்டுவந்தவர் என்று கூட்டம் கூட்டி மண்டோருக்கு மாலை போட்டார்கள். அந்தக் கூட்டத்துக்கும் நான் போகவில்லை, பிறகு அவன் சாவுக்கும் போகவில்லை.