முந்நூற்றிருபதுக்கு இருநூறு

எங்கள் தமிழ்ச் சங்கச் செயலாளர்தான் என் அண்ணையின் முகத்தை நசித்தவர். பாரிஸின் லா ஷப்பேலில் ஒரு மரக்கறிக் கடைக் கண்ணாடியில், ஊரில் போரில் காணாமல் போனவர்களின் சுவரொட்டியில், அண்ணை உப்பிய கன்னத்தோடு நிற்கிறார். எனக்குத் தெரிந்த அண்ணை ஈர்க்குப் போல ஒல்லி.

அண்ணையின் மகள் புறநகர் கார்ஜிலிருந்து வந்து பார்த்தாள். அவர் காணாமல் போனபோது அவள் தாய் வயிற்றில்.

"சித்தப்பா, அப்பா இவ்வளவு குண்டோ?"

உடனே சூடான தூசி மணம் என் மூக்கில் ஏறியது. பழைய கணினிகளின் கண்ணாடிக் குழாய்த் திரைகளின் மணம், உங்களுக்கும் தெரிந்திருக்கும். முப்பது வருசத்துக்கு முன், ரூ து ஃபொபூர் சேன்-தெனி தெருவில் ஒரு சின்ன அச்சகத்தில் வேலை செய்தேன். செயலாளர் வீடு வீடாகப் படங்கள் சேர்த்து ஒரு உறையில் கொண்டுவந்தார். "பயப்பிடாதேங்கோ, திருப்பித் தருவம்" என்று அண்ணியிடமிருந்த அண்ணையின் ஒரே படத்தையும் வாங்கியிருந்தார். அண்ணி சாகும்வரை கேட்டா. படம் வரவில்லை.

ஸ்கேன் செய்தது நான்தான். அந்தக் கணினித் திரையில் அறுநூற்று நாற்பதுக்கு நானூற்றெண்பது புள்ளி வைத்தால் பதினாறு நிறம்தான். முகமெல்லாம் தேமல் பிடித்ததுபோல் வரும். முந்நூற்றிருபதுக்கு இருநூறு என்றால் இருநூற்றைம்பத்தாறு நிறம், தோல் தோலாகவே தெரியும். பெரிய நிபுணன் மாதிரி அதையே பிடித்தேன். அந்த அளவில் ஒவ்வொரு புள்ளியும் அகலத்தைவிட உயரம் கூட. இன்றைய திரையில் புள்ளி சதுரம். இந்த வருசம் செயலாளர் அந்தக் கோப்புகளைத் தோண்டி எடுத்து அப்படியே சுவரொட்டியாக அடித்துவிட்டார். எல்லா முகமும் குட்டையாகி, ஒரே குடும்பம்போல் உப்பிப்போய்த் தெருவைப் பார்க்கின்றன. அந்தப் பக்கத்தால் நான் இப்போது நடப்பதில்லை.

செயலாளரிடம் போனேன்.

"உயரத்தை இருநூற்று நாற்பதாக்கி அடியுங்கோ."

"கொம்பியூட்டர் காட்டினதைத்தானே போட்டனாங்கள். ஸ்கேன் பண்ணினது நீர்தானே?"

"ஓம், நான்தான். அசல் படங்கள் எங்கை?"

"அதெல்லாம் சங்கக் கந்தோர் இடம் மாறேக்கை..." என்றவர் தேத்தண்ணி ஊற்ற எழும்பிப் போய்விட்டார்.

வீட்டில் நானே நீட்டிப் பார்த்தேன். கன்னம் இறங்கியது. ஆனால் ஒரு கண்ணுக்கு எட்டுப் புள்ளி. அதற்குள் அண்ணை சிரிக்கிறாரா, பயந்திருக்கிறாரா, தெரியவில்லை. அண்ணையின் மகள் திரைக்குக் கிட்டப் போய்ப் பார்த்தாள். கிட்டப் போகப் போக அவர் இல்லாமல் போனார்.

அச்சகம் இருந்த இடத்தில் இன்று தொலைபேசி உறை விற்கிறார்கள். அந்தத் திரைகளும் போய்விட்டன. போகட்டும். செயலாளர் வருகிற ஞாயிற்றுக்கிழமைப் பொதுக்கூட்டத்தில், எல்லாக் குடும்பங்களுக்கும் முன்னால், ஒலிவாங்கியைப் பிடித்துப் பதில் சொல்ல வேண்டும்: எங்கள் வீடுகளிலிருந்து வாங்கிப்போன படங்களை என்ன செய்தீர்கள்?