நன்றாக இருப்பவர்களை நலம் விசாரித்தவர்

அண்ணன் எங்களை விட்டுப் போய் ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். உங்களில் பாதிப் பேராவது, அண்ணன் உங்கள் வீட்டுக்கு வந்துபோன பிறகு உப்பும் மிளகாயும் சுற்றி அடுப்பில் போட்டிருப்பீர்கள். எனக்குத் தெரியும். உங்கள் இடத்தில் இருந்தால் நானும் அதைத்தான் செய்திருப்பேன்.

மேலூர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் நால்வரில் மூத்தவராக அண்ணன் பிறந்தார். அவருக்குப் பதினான்கு வயதில் ஊருக்குள் காய்ச்சல் வந்தது. எனக்கும் அவருக்கும் நடுவில் பிறந்த இருவரும் ஒரே வாரத்தில் போய்விட்டார்கள். அம்மா அவர்களோடு கிடக்க, இரண்டு வயதுக் குழந்தையான என்னை அந்த வாரம் முழுவதும் இடுப்பை விட்டு இறக்காமல் சுமந்தவர் அண்ணன். அதே வீடு, அதே பானைத் தண்ணீர்; எனக்கு உடம்புகூடச் சுடவில்லையாம். போனவர்களுக்கு எதனால் வந்தது என்று ஊரே பேசியது. எனக்கு ஏன் வரவில்லை என்று அண்ணன் ஒருவர்தான் யோசித்திருக்கிறார். அந்த யோசனை அவரையும் விடவில்லை, எங்களையும் விடவில்லை.

படித்துச் சுகாதார ஆய்வாளர் ஆனார். அப்பா அம்மா காலமான பின் என்னை விளாங்குடிக்கு அழைத்துவந்து, அண்ணியும் அவருமாக ஆளாக்கினார்கள். காய்ச்சல் கண்ட வீடுகளைக் குறித்து வருவதுதான் அவர் வேலை. அதை முடித்துவிட்டு, காய்ச்சல் வராத பக்கத்து வீட்டில் போய் உட்கார்ந்துகொள்வார். இதே குழாய், இதே கொசு, உங்களுக்கு மட்டும் எப்படி ஒன்றும் வரவில்லை என்று நோட்டை விரிப்பார். எத்தனை மணிக்குச் சாப்பாடு, மனசு கஷ்டப்பட்டால் யாரிடம் சொல்வீர்கள், விடிந்ததும் என்ன வேலை காத்திருக்கிறது என்று கேட்டுக்கொண்டே போவார். மேலதிகாரி கண்டித்தார். அண்ணி கெஞ்சினார். நோயாளியைப் பார்க்கப் போகிறவர்கள் ஆரஞ்சு வாங்கிப் போவார்கள். அண்ணன் திடமாக இருப்பவர்களுக்கு வாங்கிப் போனார். இந்த மனிதரை என்னதான் செய்வது?

தொண்ணூறுகளின் நடுவில் கே.கே. நகரிலிருந்து எனக்கு ஒரு வரன் வந்தது. எனக்குப் பிடித்திருந்தது, என் வீட்டுக்காரர் மன்னிக்கட்டும். பெண் பார்க்க வந்தவர்களில் மாப்பிள்ளையின் தாத்தாவும் இருந்தார். எண்பதைத் தாண்டியவர், முறுக்கை நறுக்கென்று கடித்துத் தின்றார். நாள் குறிக்கப் பேச வேண்டிய நேரத்தில் அண்ணன் எழுந்துபோய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"ஐயா, இம்புட்டு வயசுல எப்படிய்யா இம்புட்டுத் திடமா இருக்கீக?"

ஒரு தடவை அல்ல, மூன்று தடவை கேட்டார். நான்காம் நாள் அந்தத் தாத்தா குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பை ஒடித்துக்கொண்டார். சம்பந்தம் அதோடு முறிந்தது. ஆறு மாதம் நான் அண்ணனோடு பேசவில்லை. பிறகு அவரே நாயாய் அலைந்து நல்ல இடத்தில் கட்டிக்கொடுத்தார். நல்லவேளை, என் மாமனாருக்கு ஏற்கெனவே சர்க்கரை இருந்ததால் அங்கே நோட்டு விரியவில்லை.

அதையெல்லாம்கூட மறந்துவிட்டேன். வேறொரு கோபம்தான் மறக்கவில்லை. ஊரில் ஒருவர் விடாமல் கேட்டவர், தலைவலி என்று ஒருநாளும் படுக்காத என்னை ஒருமுறைகூடக் கேட்டதில்லை. சிறுநீரகம் கெட்டு அவர் மருத்துவமனையில் கிடந்த கடைசி வாரத்தில், பொறுக்க முடியாமல் கேட்டே விட்டேன்.

"ஏண்ணே, ஊரையே கேட்டீக. என்னைய ஏன் கேக்கவே இல்ல?"

அண்ணன் என் பக்கம் திரும்பிப் படுத்தார்.

"மிஞ்சுனது நீ ஒருத்தி தாயி. ஒன்னையக் கேட்டு, கண்ணு பட்டுட்டா நான் என்ன செய்ய?"

இருபத்தைந்து ஆண்டு நோட்டுப் போட்ட சுகாதார ஆய்வாளரின் பதில் இது. திட்ட வாய் திறந்தேன், அழுகைதான் வந்தது.

அண்ணனைக் கவனித்துக்கொண்ட மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும், ரத்தம் கொடுத்த அவருடைய அலுவலக நண்பர்களுக்கும், அவர் கேள்விகளுக்குப் பொறுமையாகப் பதில் சொன்னவர்களுக்கும், கதவைச் சாத்திக்கொண்டவர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. நோட்டுகள் அண்ணியிடம் பத்திரமாக இருக்கின்றன. முதல் நோட்டின் முதல் பக்கத்தில் என் பெயர் மட்டும் எழுதியிருக்கிறது. கீழே முழுவதும் வெறுமையாக விட்டிருக்கிறார்.

ஒருமுறை கேட்டுத் தொலைத்திருக்கலாம். எனக்குப் பதில் தெரியும். நீங்கதாண்ணே.