காட்டுக்கு ஒரு பத்திரம்

என்னோடு வானூரில் பள்ளியில் படித்தவன், அப்பா விட்டுப்போனதில் தன் பங்குக்கு வந்த எட்டு ஏக்கர் புதர்க்காட்டை எதுவும் செய்யாமல் அப்படியே விடப்போவதாகச் சொன்னபோது, எனக்கு முதலில் வந்தது பொறாமைதான். எங்கள் வீட்டில் யார் பெயரிலும் ஒரு சென்ட் கிடையாது. இவனால் எட்டு ஏக்கரைச் சும்மா வைத்திருக்க முடிகிறது.

நான் திண்டிவனத்தில் ஒரு வக்கீலிடம் ஜூனியர். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள். அவன் எங்கள் ஆபீசுக்கு வந்து களாச்செடிகளையும் முள்ளம்பன்றி வளையையும் போனில் காட்டினான்.

"யாரும் பிளாட் போட முடியாத மாதிரி எழுதிக் குடு மச்சி. டிரஸ்டா, சங்கமா, கம்பெனியா, நீயே சொல்லு."

சங்கம் என்றால் ஏழு பேர் வேண்டும், அவர்களுக்குள் சண்டை வந்தால் காடு நடுவில் நிற்கும் என்றேன். கம்பெனி என்றால் வருஷா வருஷம் ஆடிட்டர், தாக்கல். டிரஸ்ட்தான் சரி. அவன், அவன் மனைவி, அவன் அண்ணன், மூன்று அறங்காவலர்கள். அதுவரை மனசு வைத்துத்தான் சொன்னேன்.

எழுத உட்கார்ந்தபோது அந்த மனசு இல்லை. அந்த வாரம்தான் நாங்கள் படித்த பள்ளியில் அவனைக் கூப்பிட்டு, காட்டைக் காப்பாற்றுகிறவன் என்று பொன்னாடை போர்த்தினார்கள். நான் சட்டம் முடித்த வருஷம் அங்கே ஒருவருக்கும் என் ஞாபகம் வரவில்லை. பத்திர விஷயத்தை வீட்டில் சொன்னேன். அம்மா அந்தக் காட்டில் விறகு பொறுக்கியவள். அவன் அப்பா ஒருமுறை அவள் விறகுச் சுமையை அவிழ்த்து வழியிலேயே கொட்டவைத்திருக்கிறார். மல்லாட்டை உரித்துக்கொண்டே சிரித்தாள்.

"காட்ட காடாவே வச்சிக்கினு இருக்கறதுக்கு இவ்ளோ பத்திரமா? நாங்க ஒரு முள்ள ஒடிச்சதுக்கே பேஜாரு பண்ணாங்க."

எங்கள் தொழிலில் யாரும் வெற்றுத்தாளில் தொடங்குவதில்லை. பழைய பத்திரம் ஒன்றைத் திறந்து பெயர்களை மாற்றுவோம். நான் திறந்தது ஒரு கல்யாண மண்டபத்தின் டிரஸ்ட் பத்திரம். அதில் பதினொன்றாம் பத்தி, அறங்காவலர்களில் பெரும்பான்மையோர் முடிவெடுத்தால் சொத்தை விற்கலாம், அடமானம் வைக்கலாம் என்றது. மண்டபத்துக்கு அது தேவைப்படலாம். இந்தக் காட்டுக்கு அது இருந்தால் மற்ற பத்திகள் எதற்கும் அர்த்தமில்லை. படித்தேன். அழிக்கவில்லை. பிறகு கேட்டால் மறதி என்று சொல்லிக்கொள்ளலாம்.

பதிவுக்கு முந்தின நாள் அண்ணனும் தம்பியும் வரைவைப் பார்க்க வந்தார்கள். அண்ணன் விழுப்புரத்தில் மனை வியாபாரம் செய்கிறவர். தம்பி, பறவைகள் பெயர் வரும் முதல் பக்கத்தையே சந்தோஷமாக வாசித்துக்கொண்டிருந்தான். அண்ணன் நேராகப் பின்பக்கங்களுக்குப் போனார். பதினொன்றில் அவர் விரல் நின்றது.

"தம்பி நல்லா எழுதிக்கீறாரு," என்றார் என்னைப் பார்த்து. "வெவரமான ஆளு."

எங்கள் ஊர் ஆள் ஒருவர் வாயால் அப்படி ஒரு வார்த்தை கேட்க நான் எத்தனை நாள் ஏங்கியிருப்பேன். அது இவரிடமிருந்து, இந்தப் பத்திக்காக வந்தது. வரைவை என் பக்கம் இழுத்துக்கொண்டேன்.

"அண்ணே, அது இதுல வராதுங்க," என்றேன். "மண்டபத்துப் பத்திரத்துல இருந்து ஒட்டிக்கினு வந்துடுச்சி."

"இருந்தா இருந்துட்டுப் போவட்டுமே."

தம்பி தலை நிமிர்ந்து எது என்று கேட்டான். பத்தியை உரக்கப் படித்துக் காட்டிவிட்டு, அவன் எதிரிலேயே அடித்தேன். எக்காரணம் கொண்டும் விற்கக் கூடாது என்று மேலே எழுதினேன். அண்ணன் டீ சொல்லப்போவதாக வெளியே போனவர் திரும்பவில்லை.

"நல்லவேள, நீ பாத்த மச்சி," என்று அவன் என் கையைப் பிடித்துக்கொண்டான். நான் அடுத்த பக்கத்தைத் திருப்பினேன்.

மறுநாள் வானூரில் பதிவானது. அண்ணனும் முகத்தை இறுக்கிக்கொண்டு கையெழுத்துப் போட்டார். சாட்சிக் கையெழுத்து என்னுடையது. சொத்து விவரத்தில் நான்கு எல்லைகள் எழுதியிருந்தேன். அதில் எங்கள் தெரு 'வடக்கே காலனி' என்று ஒரு வரியில் வருகிறது. பதிவு அலுவலகத்திலிருந்தே காட்டுக்குப் போகலாம் வா என்று அவன் கூப்பிட்டான். வேலை இருக்கிறது என்று பஸ் ஏறிவிட்டேன். அவன் சிரித்த முகத்தை அதற்கு மேல் பார்க்க முடியவில்லை.

அம்மா கேட்டாள், இனி விற்க மாட்டார்களா என்று. முடியாது என்றேன், கொஞ்சம் பெருமையாக.

"அப்ப நாங்க வெறகுக்குப் போலாமா?"

இருபத்திரண்டு பத்திகள். ஒவ்வொன்றையும் மனதுக்குள் புரட்டிப் பார்த்தேன். அதைப் பற்றி நான் ஒரு வரியும் எழுதியிருக்கவில்லை.