அக்லாயா தின்ற பச்சைச் சோளம்

அக்லாயா என் அண்ணன் சிமியோனின் மனைவி. எங்கள் ஊரில் கல்யாணமானாலும் சரி, இறந்தவருக்குப் போடும் நினைவுச் சாப்பாடானாலும் சரி, பெரிய கொப்பரையில் மக்காச்சோள மாவுக் களி கிண்டுவது அவள்தான். இருபத்தாறு வருஷம் கிண்டினாள். வெந்த களியைப் பலகையில் கவிழ்த்து, நூலை அடியில் விட்டு இழுத்துத் துண்டு போடுவாள். யாராவது தன் துண்டு சிறிசு என்று முணுமுணுத்தால், "உன் பெண்டாட்டிய கிண்டச் சொல்லித் தின்னு பாரு, அப்புறம் வந்து பேசு" என்பாள்.

அண்ணன் தவறி ஐந்து வருஷம் ஆகிறது. ஒரே மகள் கமேலியா இத்தாலியில் ஒரு கிழவரைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருக்கிறாள். வேலிக்கு இந்தப் பக்கம் நானும் அந்தப் பக்கம் அண்ணியும் தனித்தனியாக இருந்தோம். சுற்றிக்கொண்டு போக வேண்டாமே என்று வேலியில் இரண்டு பலகையைக் கழற்றிவிட்டிருந்தோம்.

போன வருஷம் ஈஸ்டர் கழிந்த கையோடு அண்ணிக்குச் சர்க்கரை என்று தெரிந்தது. கொஞ்சநஞ்சமில்லை. வியாழக்கிழமைகளில் வரும் டாக்டரம்மா காலையும் மாலையும் ஊசி போட்டுக்கொள்ளச் சொல்லி, களியையும் ரொட்டியையும் பாதியாகக் குறைக்கச் சொன்னாள். களியைக் குறைப்பதா என்று அண்ணி இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை. தானே குத்திக்கொள்ள அவளுக்குத் தைரியம் வரவில்லை. நான்தான் போட்டுவிடுவேன். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்வாள்.

அப்போதுதான் கமேலியா போனில் ஒரு வீடியோ அனுப்பினாள். வெள்ளைச் சட்டை போட்ட ஒரு பெண் அடுப்பே மூட்டாமல் வாழ்வதைப் பற்றி அதில் பேசினாள். பால் பிடித்த இளஞ்சோளத்தைப் பச்சையாகக் கடித்துத் தின்றால் வயிறு சுத்தமாகும், சர்க்கரை மெதுவாகத்தான் ஏறும், உடம்பு லேசாகும் என்றாள். அண்ணி அதை என்னிடம் நாலு தடவை போட்டுக் காட்டினாள். ஜூலைக் கடைசியில் கொல்லையில் சோளம் பால் பிடித்ததும் தொடங்கிவிட்டாள். காலையில் மூன்று கதிர், மத்தியானம் மூன்று, கூடவே வெள்ளரிக்காயும் தக்காளியும். அடுப்புப் பக்கம் போகவில்லை.

இளங்கதிர் நல்ல சாப்பாடுதான். நானும் கூடவே தின்றேன். பல் பட்டதும் பால் தெறித்து நாக்கில் இனிக்கும். டாக்டரம்மாவும் அதைத் தடுக்கவில்லை. நாளைக்கு ஒரு கதிர் தின்னுங்கள், நன்றாக மென்று தின்னுங்கள், ஊசியை மட்டும் விடாதீர்கள் என்றாள். அண்ணி தலையை ஆட்டிவிட்டு வந்தாள். இரண்டு வாரத்தில் முழங்கால் வலி குறைந்தது, பாவாடை இடுப்பில் நிற்கவில்லை. விரலில் குத்திப் பார்த்தபோது சர்க்கரையும் இறங்கியிருந்தது. மறுநாள் நான் ஊசியோடு போனேன். அதை வாங்கி மேசை இழுப்பறைக்குள் வைத்து மூடினாள்.

"இனிமே எதுக்குடி இது? நல்லாயிட்டேன்ல?"

ஊசி போட்டதால்தான் இறங்கியது என்று எனக்குத் தோன்றியது. ஆனால் நான் சொல்லவில்லை. வெகுநாளைக்குப் பிறகு அன்றுதான் அவள் சிரித்த முகத்தோடு இருந்தாள்.

ஆகஸ்ட் பிறந்ததும் மாதா நோன்பு வந்தது. எங்கள் பக்கத்தில் நோன்பைக் கெட்டியாகப் பிடிக்கிறவர்கள் திங்கள், புதன், வெள்ளியில் நெருப்பில் வெந்ததைத் தொடமாட்டார்கள். அண்ணியோ தினமுமே அப்படி இருந்தாள். கோயில் வாசலில் பெண்கள் ஆச்சரியப்பட்டுக் கேட்டார்கள். சர்க்கரைக்காக என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நோய் என்றால் ஏளனமாகப் பார்ப்பார்களே என்ற நினைப்பு. "அண்ணி வனத்துத் துறவிங்க மாதிரி நோன்பிருக்காங்க" என்றேன். அந்தப் பேச்சைக் கிளப்பிவிட்டவள் நான். ஞாயிற்றுக்கிழமை பிரசங்கத்தில் பாதிரியார் அவள் பெயரைச் சொல்லாமலேயே அந்த நோன்பைப் புகழ்ந்தார். எல்லாத் தலையும் திரும்பியது. அண்ணி முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டாள். அவள் காது மடல் சிவந்திருந்தது. ஆயிரம் பேருக்குக் களி போட்டபோதுகூட அவளுக்கு அப்படி ஒரு மரியாதை கிடைத்ததில்லை.

பதினைந்தாம் தேதி மாதா திருநாள், நோன்பு முடிகிற நாள். பூசை முடிந்து கோயில் முற்றத்தில் மேசை போட்டு எல்லோரும் உட்கார்ந்தோம். ஆட்டிறைச்சிக் குழம்பும் களியும். அன்று களி கிண்டியது வேறொருத்தி, அங்கங்கே கட்டி தட்டியிருந்தது. அண்ணி என் பக்கத்தில் இருந்தாள். உதடு வறண்டிருந்தது. தண்ணீர் குடித்துக்கொண்டே இருந்தாள், ஒரு மணி நேரத்தில் மூன்று தடவை எழுந்து போய் வந்தாள். களித் தட்டு எதிரே வந்ததும் அவள் கை நீண்டது. நான் பார்த்தேன். தட்டின் விளிம்பை விரல் தொட்டுவிட்டது.

மணியடிப்பவரின் மனைவி எதிரில் இருந்து கேட்டாள்: "நோன்பு முடிஞ்சும் நீங்க விடலியாமே, அக்லாயா? எப்படித்தான் முடியுதோ உங்களுக்கு."

நல்ல மனசோடுதான் கேட்டாள். அண்ணி விரலை மடக்கிக் கையை மடியில் வைத்துக்கொண்டு, மாதா கொடுக்கிற பலம் என்றாள். ஒரு துண்டை எடுத்து நான் அவள் தட்டில் வைத்திருக்கலாம். எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் ரொட்டியைப் பிய்த்துக்கொண்டு இருந்துவிட்டேன்.

அந்த வருஷம் மழை இல்லை. மாதக் கடைசிக்குள் சோளம் ஒரேயடியாக முற்றிவிட்டது. அண்ணி ரப்பர் பூட்ஸை மாட்டிக்கொண்டு கொல்லையிலும் ஊர்க்கோடி வயல்களிலும் பால் கதிர் தேடி அலைந்தாள். கிடைக்காத நாளில் முற்றிய மணியைத் தண்ணீரில் ஊறவைத்து மென்றாள். வயிறு உப்பி வலித்தது. கண் மங்குகிறது என்றாள். ஒரு சாயங்காலம் பூட்ஸைக் கழற்றும்போது காலுறை ரத்தத்தில் ஒட்டியிருந்தது. குதிகால் கொப்புளம் உடைந்து குழியாகியிருந்தது. "வலிக்கவே இல்லியே" என்று அதிசயம்போல் காட்டினாள்.

அதற்குப் பிறகு நான் ஓடாத இடமில்லை. கமேலியாவுக்குப் போன் போட்டேன். அம்மா இப்போதுதான் சந்தோஷமாக இருக்கிறாள் அத்தை, நீங்கள் போய்க் கலைக்காதீர்கள் என்றாள். பாதிரியாரிடம் அழுதேன். அவர் வந்து அவள் எதிரில் உட்கார்ந்து, இது நோன்பில்லை மகளே, உடம்பும் ஆண்டவர் கொடுத்ததுதான் என்று பொறுமையாகச் சொன்னார்.

"நீங்கதானே சாமி கோயில்ல வச்சுச் சொன்னீங்க" என்றாள் அண்ணி.

அவர் தொப்பியை எடுத்துக்கொண்டார். பிறகு எழுந்து போனார்.

டாக்டரம்மா ஆம்புலன்ஸை வரவழைத்தாள். வரமாட்டேன் என்று அண்ணி தாளில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டாள். புத்தி தெளிவாக இருக்கிற ஆளைத் தூக்கிக்கொண்டு போக முடியாதாம். வண்டி வந்த வழியே திரும்பியது. நான் சாயங்காலங்களில் மாதா படத்தின் முன்னால் விளக்கேற்றிவிட்டு, என்ன கேட்பதென்று தெரியாமல் முழங்காலில் நிற்பேன்.

செப்டம்பர் பாதியில் கிணற்றடியில் விழுந்து கிடந்தாள். நினைவில்லை, மூச்சில் பழம் அழுகிய வாடை. இந்தத் தடவை வரமாட்டேன் என்று கையெழுத்துப் போட அவளால் முடியவில்லை. மாவட்ட ஆஸ்பத்திரியில் உயிரைப் பிடித்துவிட்டார்கள். இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். கமேலியா பத்து நாள் வந்திருந்து, தாயின் போர்வையைத் தடவித் தடவி அழுதுவிட்டுப் போனாள். அவளை நான் என்ன சொல்ல? எனக்கே சொல்லிக்கொள்ள வேண்டியது நிறைய இருந்தது.

இப்போது அண்ணி என் வீட்டு முன் அறையில் படுத்திருக்கிறாள். இரண்டு வேளையும் நான் ஊசி போடுகிறேன். தள்ளிவிட அவள் கையில் பலமில்லை. மிஞ்சிய வலது காலைத் தினமும் கழுவி, வெளிச்சத்தில் விரல் விரலாகப் பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள். பார்க்கிறேன். போன வாரம் சுண்டு விரலுக்கு அடியில் சிவப்பாக ஒன்று தெரிந்தது. இரண்டு நாள் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. பிறகு அது மறைந்தது.

நேற்று கால் துடைத்துக்கொண்டிருந்தபோது அவளாகவே பேசினாள்.

"தாசியா, ஏப்ரல்ல சோளம் கொஞ்சம் நட்டுடு. அப்புறம் வாரத்துக்கு ஒரு வரிசையா நடு. ஒரேயடியா முத்திட்டதாலதான் இத்தனையும். பால் கதிரு மட்டும் தீராம இருந்திருந்தா எனக்கு ஒண்ணும் ஆயிருக்காது."

இல்லை அண்ணி, அதனால் இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். படுத்த நாளிலிருந்து அவள் ஒன்றை வேண்டும் என்று கேட்டது அதுதான் முதல் தடவை.

சரி அண்ணி, நடுகிறேன் என்றேன்.