காற்றாடிக்குச் சாத்திய மாலை

எங்கள் குடும்பத்தில் படித்துப் பட்டம் வாங்கிய ஒரே ஆள் என் மாமா, அம்மாவின் தம்பி. படித்தவன் செய்கிற காரியமா இது என்று அப்பா அவ்வப்போது கேட்பார். தி. நகரில் கீழே எங்கள் பாத்திரக்கடை, கடைக்கு மேலே வீடு, வீட்டுக்கு மேலே மொட்டைமாடி. அந்த மொட்டைமாடியில் அம்மா வடாம் காயவைக்க இடமில்லாதபடி மாமா ஒரு காற்றாடியும் ஒரு சூரியத் தகடும் நிறுத்தியிருந்தார்.

மாமா ஒரு கல்லூரியில் வாத்தியாராக இருந்தார். மாணவர்களோடு முகாமுக்கு ஜவ்வாது மலைக்குப் போனவர், திரும்பி வரும்போது ஒரு ஊரையே தலையில் சுமந்துகொண்டு வந்துவிட்டார். கரண்ட் கம்பங்கள் அடிவாரத்தோடு நின்றுவிட்ட ஊர் அது. யாரோ முன்பு நட்டுவிட்டுப் போன சூரிய விளக்கு ஒரே மழைக்காலத்தில் செத்துப்போய், அந்தக் கம்பத்தில் இப்போது ஆடு கட்டுகிறார்களாம். அதனால் மாமா வெயிலையும் காற்றையும் சேர்த்து ஒரே பேட்டரியில் கட்டிப்போட்டார். வெயில் லீவு போட்டால் காற்று வேலைக்கு வரும், காற்று லீவு போட்டால் வெயில் வரும் என்று எனக்கு விளக்கினார். எனக்கும் யாராவது இப்படி மாற்றாள் வந்து பள்ளிக்கூடம் போனால் தேவலை என்று இருந்தது.

ஊர்க்காரர்கள் சீட்டுப் பிடித்தே வாங்கிவிடக்கூடிய விலையில் அதை முடிக்க வேண்டும் என்பது மாமாவின் பிடிவாதம். தகடு மட்டும்தான் புதிது. மற்றதெல்லாம் புதுப்பேட்டையில் பொறுக்கிய பழைய சாமான். இரும்புக் கம்பம் அடித்துக் கொடுத்த வெல்டிங்காரர், "இன்னா சார், இம்மாம் பெரிய காத்தாடி வுடப் போறியே, நூலு எங்க வாங்குவே?" என்று கேட்டுவிட்டுப் போனார். அப்பா அதைக் கடைக்கு வருகிற எல்லோரிடமும் சொல்லிச் சிரித்தார்.

அம்மா மட்டும் சிரிக்கவில்லை. பத்து வயதில் தாயில்லாமல் போன தம்பியை இடுப்பில் தூக்காத குறையாக வளர்த்தவள் அவள். "இந்தக் காத்தாடிச் சோலி நல்லபடியா முடியட்டும். அப்புறம் தம்பிக்கு ஒரு கால்கட்டு போட்டு, மாடி ரூம்ல குடிவச்சிரலாம்" என்பாள். பெண்கூடப் பார்த்துவைத்திருந்தாள், மாமாவிடம் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

அந்த ஆயுத பூஜைக்கு முந்தின நாள் இரவு மாமா மலைக்குப் புறப்பட்டார். ஊர்ப் பெரியவர் ஒருவரையும், ஊரில் பிரசவம் பார்க்கிற அம்மாள் ஒருவரையும் அழைத்து வந்து காட்டுவதாக ஏற்பாடு. அவர்கள் இருவரும் பார்த்துவிட்டுச் சரி என்றால் ஊர் சீட்டுப் போடத் தொடங்கும். வேண்டாம் என்றால் இனி யார் போய்க் கேட்டாலும் நம்பமாட்டார்கள். பேட்டரியை விளக்கு எரித்தே பெரும்பாலும் தீர்த்துவிட்டிருந்தார் மாமா. தான் திரும்பி வருவதற்குள் அது தானாக நிரம்பியிருக்க வேண்டும், அதுதான் பரீட்சை. "யாரும் எதையும் தொடாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். சாமி காரியம் அந்த 'எதையும்' என்பதில் சேராது என்று அம்மா எடுத்துக்கொண்டாள்.

பூஜையன்று விடியற்காலையிலேயே கடையில் தராசிலிருந்து கல்லாப்பெட்டி வரை எல்லாவற்றுக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்தாயிற்று. வீட்டில் அரிவாள்மனை, மிக்ஸி, என் ஜியாமெட்ரி பாக்ஸ். திடீரென்று அம்மா நெற்றியில் அடித்துக்கொண்டாள். "தம்பியோட ஆயுதத்தை விட்டுட்டமே! ஏட்டி, தட்டை எடுத்துட்டு வா."

நான் தட்டு ஏந்தி நிற்க, அம்மா குறை வைக்காமல் செய்தாள். தகடு கட்டம் கட்டமாக இருந்ததால் ஒரு கட்டமும் மனக்குறைப்படக் கூடாது என்று ஒவ்வொன்றுக்கும் கெட்டியாகச் சந்தனப் பொட்டு. இருபுறமும் வாழைக்கன்று. அதன் இலைகள் தகட்டின்மேல் அழகாகச் சாய்ந்துகொண்டன. கடை வாசலுக்கு வாங்கியதில் பெரிய மாலையை எடுத்து, ஏணியில் ஏறிக் காற்றாடியின் நடுவில் சாத்தினாள். கண்ணை மூடி வெகுநேரம் முணுமுணுத்தாள். காற்றாடி அரைச் சுற்று சுற்றி, மாலையைத் தன் கழுத்தில் முறுக்கிக்கொண்டு அசையாமல் நின்றது. "பாத்தியாட்டி, சாமி ஏத்துக்கிட்டு" என்றாள் அம்மா. எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு மாமா விருந்தாளிகளோடு வந்து சேர்ந்தார். காபி கொடுப்பதற்குள் அவருக்குப் பொறுக்கவில்லை. கூடத்தில் அந்தப் பேட்டரிக்கென்று மாட்டியிருந்த சின்ன டியூப்லைட்டின் சுவிட்சைப் போட்டார். அது ஒரு தடவை விழித்துப் பார்த்துவிட்டுத் தூங்கிப்போனது. மறுபடி போட்டார். விழிக்கவேயில்லை. பெரியவர் தரையைப் பார்த்தார். மாமாவின் முகத்தை நான் அதற்கு முன்பு அப்படிப் பார்த்ததில்லை.

எல்லோரும் மாடிக்கு ஏறினோம். மாமா டார்ச் அடித்துப் பொட்டுகளைப் பார்த்தார், வாழையைப் பார்த்தார், மாலையைப் பார்த்தார். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அக்கா, ஒரு தேங்காயும் உடைச்சிருக்கலாம்லா?"

"உடைச்சேன், தம்பி."

முதலில் சிரித்தது மலையிலிருந்து வந்த அந்த அம்மாள்தான். பிறகு மாமாவும் சிரித்துவிட்டார். ஆனால் மாலையை அவிழ்க்க அவர் கை நீளவில்லை. பூஜையில் வைத்ததை மறுநாள் மறுபூஜைக்கு முன்னால் தொடக் கூடாது என்பது எங்கள் வீட்டுச் சட்டம். பரீட்சைக்காகக்கூட அப்பா என் புத்தகத்தைத் தரமாட்டார். விருந்தாளிகளுக்கோ மறுநாள் மத்தியானம் பஸ். மாமா தயங்கித் தயங்கி அப்பாவைப் பார்த்தார்.

அப்பா வேட்டியை மடித்துக் கட்டினார். "சாமிக்கு நான் சொல்லிக்கிடுதேன். நீ பிரி, மாப்ள" என்றவர், தானே ஏணியில் ஏறி மாலையை அறுத்தார். கீழே அம்மாவும் அந்த அம்மாளும் ஈரத்துணியை வைத்துக்கொண்டு, காய்ந்துபோன சந்தனத்தைக் கட்டம் கட்டமாகத் துடைத்தார்கள். எங்கள் அப்பாவை எனக்கு மிகவும் பிடித்துப்போன நாட்களில் அதுவும் ஒன்று.

விடிந்தபோது வானம் மூட்டமாக இருந்தது. நான் பயந்துபோனேன், மாமாவோ ஆனந்தப்பட்டார். காற்று நன்றாக அடித்தது, காற்றாடி இரைச்சலோடு சுற்றியது. நடுவில் கொஞ்சம் வெயிலும் தலைகாட்டியது. இட்லியெல்லாம் முடிந்து வெகுநேரம் கழித்து மாமா சுவிட்சைப் போட்டபோது, டியூப்லைட் பளிச்சென்று எரிந்தது. பகலில் எரிகிற விளக்கைப் பார்த்து நாங்கள் கைதட்டினோம். பெரியவர் தலையை ஆட்டினார்.

அந்த அம்மாள் ஆட்டவில்லை. "நல்லாத்தான் எரியுது, தம்பி. ஆனா ஒரு மாலை போட்டா நின்னு பூடுது. எங்க ஊர்ல ஆடு ஏறும், புள்ளைங்க ஏறும், நாங்களும் பூச பண்ணுவோம். நீ பட்டணம் வந்துட்டீன்னா இத யாரு பாக்கறது?" என்றார்.

அதுவரை மாமா அதை யோசித்திருக்கவில்லை என்று நினைக்கிறேன். "நான் வரமாட்டேம்மா. அங்கேயே இருந்துடுறேன்" என்றார்.

அந்த அம்மாளும் தலையை ஆட்டினார். அம்மா காலி டம்ளர்களை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனாள். நான் பின்னாலேயே போனபோது தேங்காய் துருவிக்கொண்டே அழுதுகொண்டிருந்தாள். பொட்டு வைத்ததற்காக அழுகிறாள் என்று நினைத்து, "லைட்டுதான் எரிஞ்சிட்டேம்மா, யாரும் உன்னை ஏசமாட்டாங்க" என்று சமாதானம் சொன்னேன். "ஆமாட்டி, எரிஞ்சிட்டு" என்று அவள் என் கன்னத்தைத் தடவினாள். சோலி நல்லபடியாக முடிந்து தம்பி வீட்டோடு இருக்க வேண்டும் என்றுதான் அவள் அவ்வளவு பெரிய மாலையாகத் தேடிச் சாத்தியிருந்தாள். அந்த மாலைதான் அந்தக் கேள்வியைக் கொண்டுவந்தது என்பது அவளுக்கு அப்போதே தெரிந்திருந்தது.

அப்பா கீழே இறங்கிப் போய்க் கடையைத் திறந்தார். குடம், சருவச்சட்டி, கரண்டி, தட்டு, டம்ளர் என்று ஒவ்வொன்றாக எடுத்துவைத்து, எல்லாவற்றிலும் மாமாவின் பெயரை வெட்டச் சொன்னார். கல்யாணமாகிப் போகிற பெண்களுக்குத்தான் அப்படி மொத்தமாக எடுத்து வெட்டுவார்கள். பெயர் வெட்டுகிற மெஷின் சத்தம் எனக்கு எப்போதும் பிடிக்கும். பக்கத்தில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்துக்கொண்டே, "மாமா ரெண்டு நாள்ல வந்துருவாங்களேப்பா, இவ்வளவு சாமான் எதுக்கு?" என்று கேட்டேன்.

வேறு நாளாக இருந்தால், பேசாமல் இரு என்று அதட்டியிருப்பார். அன்று என்னை இழுத்து மடியில் உட்காரவைத்துக்கொண்டார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது.