மணல் திட்டில் தண்ணீர் எவ்வளவு?

நம்புங்கள் என்று உங்களைக் கெஞ்சப் போவதில்லை. நான் இயற்பியல் படித்தவள். வேறு யாராவது சொல்லியிருந்தால் நானே நம்பியிருக்க மாட்டேன். ஆனால் அந்த அறையில் நான் இருந்தேன். நேரங்களைக் குறித்த நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. இருட்டு இல்லை, தூக்கக் கலக்கமும் இல்லை. எல்லாம் பட்டப்பகலில் நடந்தது.

நாங்கள் ஏழு பேர். விடுமுறை நாட்களில் கயாக் என்ற ஒடுக்கமான துடுப்புப் படகை ஓட்டுகிற சின்னக் குழு. எங்கள் கரைக்கு எதிரே, கடலை மறித்துக்கொண்டு நீளமாக ஒரு தீவு கிடக்கிறது. அங்கே படகில் போய் இரண்டு இரவு கூடாரம் போட்டுத் தங்குவது என்று முடிவு செய்திருந்தோம். கூடாரம், குடிநீர், அடுப்பு எல்லாவற்றையும் எடை போட்டுப் படகுகளுக்குப் பிரிப்பது என் வேலை. கடல் எத்தனை மணிக்கு ஏறும், எத்தனை மணிக்கு இறங்கும் என்று பார்த்துச் சொல்வதும் நான்தான். பேசுவது குறைவு என்பதால் கணக்கை என்னிடம் கொடுத்துவிட்டார்கள்.

எங்களை நடத்தியவரை கேப்டன் என்று கூப்பிடுவோம். கார் விற்கும் கடையில் மேலாளர். அவருடைய எல்லா ஜோக்குக்கும் சிரிப்பவர் பல் டாக்டர். ஏழாவது ஆள், தபால் அலுவலகத்தில் வேலை பார்க்கும் ஒரு அக்கா. குள்ளம், கொஞ்சம் குண்டு. துடுப்புப் போடுவதில் எப்போதும் கடைசி, நீச்சலும் அரைகுறை. கேப்டன் அவருக்கு வைத்த பெயர் நங்கூரம். அவர் முகத்துக்கு நேராகவே அப்படிக் கூப்பிடுவார்கள். அக்காவும் சிரிப்பார். அந்தப் பயணத்துக்காக எல்லோருக்கும் முன்பே, கூடாரத்தில் படுக்கப் புதுத் தூக்கப்பை வாங்கியவர் அவர்தான்.

கேப்டன் ஒரு விதி வைத்திருந்தார். ஆழத்தில் படகு கவிழ்ந்தால் துணை ஆளோடு சேர்ந்து மறுபடி ஏறத் தெரிய வேண்டும். ஞாயிறு கூட்டத்துக்குள் ஒரு முறையாவது ஏறிக் காட்டாதவருக்குத் தீவு கிடையாது. அக்கா இரண்டு முறை தோற்றிருந்தார். மூன்றாவது முறைக்குத் துணை நான். கரைக்கும் தீவுக்கும் நடுவே, தண்ணீர் இறங்கும்போது மட்டும் வெளியே தெரியும் மணல் திட்டில் ஞாயிறு காலை ஆறரைக்குச் சந்திப்பதாகப் பேச்சு. அவர் வீட்டுப் பக்கத் துறையிலிருந்து அவர், எங்கள் படகுச் சங்கத்துத் துறையிலிருந்து நான்.

சனிக்கிழமை மாலை கேப்டன் என்னைத் தனியாக அழைத்தார்.

"நாளைக்கு நீ போகாதே."

"அக்கா காத்திருப்பாங்க சார்..."

"காத்திருக்கட்டும். பயிற்சி முடிக்கலன்னா அதுவாவே கழண்டுக்கும். நமக்கும் கெட்ட பேர் இல்ல. நங்கூரத்தோட சேர்ந்து நீயும் மூழ்கிடாதே."

எனக்குப் புரிந்தது. அக்காவுக்கு அடுத்து மெதுவான ஆள் நான்.

ஞாயிறு காலை 6:05க்குச் செய்தி அனுப்பினேன். 'தலைவலி. வரல அக்கா. சாரி.' பதில் வரவில்லை. கோபம் போல என்று நினைத்துக்கொண்டேன்.

பதினொரு மணிக்குச் சங்கத்தின் மாடி அறையில் கூட்டம். அக்கா தவிர ஆறு பேரும் வந்துவிட்டோம். சுவரில் ப்ரொஜெக்டரில் தீவின் வரைபடம். வெயில் அடித்ததால் கடல் பக்கத்துத் திரையை இழுத்து மூடியிருந்தார்கள். மேசையில் எங்கள் வாக்கி டாக்கிகள். ஆளுக்கொன்று, ஒன்று முதல் ஆறு வரை. ஏழாவது அக்காவிடம்.

11:40. கேப்டன் கருவிகளைச் சோதித்தார். ஒவ்வொருவரும் தன் எண்ணைச் சொல்ல வேண்டும்.

ஆறு என்றேன்.

கர்ர்ர்...

"ஏழு. இருக்கேன்."

அறையே சிரித்தது.

"வீட்டுல உக்காந்துட்டு நங்கூரம் கூட்டத்துக்கு வருது பாருங்க," என்றார் பல் டாக்டர்.

"நீ இன்னும் வரலியேம்மா?" என்று கேட்டது அக்காவின் குரல். என்னைத்தான்.

என் முகம் சுட்டது. பேச்சை மாற்றத் தெரியாமல் கருவியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் அதைக் கவனித்தேன்.

சிக்னல் முழுதாக இருந்தது.

அக்கா வீடு பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளி. கட்டடங்களுக்கு நடுவே அந்தக் கருவி இரண்டு கிலோமீட்டர் எட்டினாலே அதிகம். சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். மூடிக்கொண்டேன்.

"திட்டுல இப்போ தண்ணி எவ்வளவு இருக்கும்மா?"

கேட்டால் பதில் சொல்லிவிடுவது என் பழக்கம். பட்டியலைப் பார்த்தேன். "ஒரு மீட்டர் பத்து அக்கா."

"இன்னும் ஏறுமா?"

"ஒன்றரை மணி வரைக்கும் ஏறும். ஒரு மீட்டர் அறுபது வரும்."

கருவியில் காற்று மட்டும் கேட்டது. வீட்டுக்குள் எப்படி அவ்வளவு காற்று?

"நான் ஒன்னு அம்பதுதானேம்மா," என்றது குரல்.

பல் டாக்டர் மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். கேப்டன் கருவியை வாங்கினார்.

"ஹை ஹீல்ஸ் போட்டுக்கோங்க!"

நானும் சிரித்தேன். அதையும் எழுதத்தான் வேண்டும்.

12:05. மறுபடியும் கர்ர்ர்... இந்த முறை தண்ணீர்ச் சத்தம். சளப்... சளப்... மிக அருகில்.

"அதுக்கப்புறம் இறங்கிடும்தானேம்மா?"

"இறங்கிடும் அக்கா."

"நீ இருக்கேதானே?"

"இருக்கேன்."

"அது போதும்."

சளப்...

பிறகு எதுவும் இல்லை.

கேப்டன் அடுப்பைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். பத்து நிமிடம் பொறுத்தேன். பதினைந்து. எழுந்து போய்த் திரையை விலக்கினேன்.

12:20. கடல் கண்ணாடி மாதிரி கிடந்தது. திட்டு தெரியவில்லை. யாருமே இல்லை.

"வெளிச்சம் அடிக்குது, மூடு," என்றார் கேப்டன்.

மூடினேன்.

12:30. யார் யார் போகிறார்கள் என்று எழுதிக் கரையில் கொடுத்துவிட்டுப் போகும் தாளை அவர் எடுத்தார். ஏழாவது வரியில் பேனாவை வைத்தார். ஒரே கோடு.

"ஏழு."

சொன்னது கேப்டன் இல்லை.

"ஏழு. இருக்கேன்."

காற்று இல்லை. தண்ணீர் இல்லை. பக்கத்து நாற்காலியில் இருப்பதுபோல் தெளிவாக.

ஆறு கருவியிலிருந்தும்.

என்னுடையதைப் பார்த்தேன்.

அணைந்திருந்தது.

எல்லாமே அணைந்திருந்தன.

"ஏழு..."

பல் டாக்டர்தான் முதலில் ஓடினார்.

கடலோரக் காவல்படைக்கு நான் போன் செய்தபோது மணி 12:34. மூன்று மணிக்கு அக்காவின் படகு கிடைத்தது. ஏறும் தண்ணீர் அதைத் திட்டிலிருந்து கிளப்பிக்கொண்டு போயிருக்கிறது. படகுக்குள் கழற்றி வைத்த லைஃப் ஜாக்கெட். ஒரு பிளாஸ்க். இரண்டு டம்ளர்.

அக்கா மறுநாள் கிடைத்தார்.

அவர் கார் துறையில் பூட்டிக் கிடந்தது. உள்ளே அவர் போன். என் செய்தி திறக்கப்படாமல் இருந்தது. பக்கத்து சீட்டில் ஏழாம் எண் வாக்கி டாக்கி, உறை பிரிக்காமல்.

கேப்டன் எங்கள் எல்லோரையும் கூப்பிட்டு, கருவியில் எந்தக் குரலும் கேட்கவில்லை என்று சொல்லச் சொன்னார். ஐந்து பேரும் அப்படியே சொன்னார்கள். தீவுக்கு அடுத்த மாதம் போய்வந்தார்கள் என்று கேள்விப்பட்டேன். நான் போகவில்லை.

ஆனால் விசாரணை நடந்த அலுவலகத்தின் வராந்தாவில் ஒருவரைப் பார்த்தேன். தீவில் பறவைகளை எண்ணுகிற வேலை அவருக்கு. அன்று காலையிலிருந்து பைனாகுலரில் அக்காவை நாலைந்து முறை பார்த்திருக்கிறார். ஒருமுறை அக்கா கையாட்ட, இவரும் கையாட்டியிருக்கிறார்.

"கடைசியா எப்போ பார்த்தீங்க?" என்று கேட்டேன்.

"பன்னண்டு அஞ்சு இருக்கும். கழுத்தளவு தண்ணி. குளிக்குதுன்னு நெனச்சேன். கையை வாய்கிட்ட வச்சு யார்கிட்டயோ பேசிட்டு இருந்துச்சு."

"கையில என்ன இருந்துச்சு?"

"ஒன்னும் இல்லம்மா. வெறுங்கை. அதான் எனக்கும் புரியல."

அவர் தொப்பியைக் கையில் வைத்துத் திருப்பிக்கொண்டே இருந்தார்.

"அது கத்தியிருந்தா அப்பவே படகை எடுத்திருப்பேன், அஞ்சு நிமிஷம்தான். ஆனா முகத்துல பயமே இல்லம்மா. யாரோ தைரியம் சொல்லிட்டு இருக்கற மாதிரி சிரிச்சுக்கிட்டு இருந்துச்சு."