பெயர்ப்பலகை இல்லாத கூட்டத்தைத் தேடிப் போனேன்

இன்று காலை பதுளையில், தெரியாத்தனமாக ஒரு மரண உதவிச் சங்கத்தில் சேரப் பார்த்தேன்!

நான் தேடிப் போனது வேறு கூட்டம். குடியை விட்டவர்களும் விடப் பார்ப்பவர்களும் ஒன்றாக உட்கார்ந்து பேசுகிற கூட்டம்.

எங்கள் தேயிலைத் தோட்டத்து ஆஸ்பத்திரி நர்ஸ் மிஸ்தான் சொன்னார். "டவுன்ல பழைய மண்டபம் இருக்கு, அங்க போங்க. போர்ட் இருக்காது. யார் வந்தாங்கன்னு வெளிய தெரியக் கூடாது."

(சாராயக் கடைக்கு மட்டும் எவ்வளவு பெரிய போர்ட்!)

ஏன் போனேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அடுத்த மாதம் மகளுக்குப் பள்ளிக்கூடத்தில் பரிசளிப்பு விழா. போன வாரம் என்னிடம் வந்து, "அப்பா, நீங்க வர வேணாம். அம்மா மட்டும் வரட்டும்" என்றாள்.

கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். மெதுவாகச் சொன்னாள். அதுதான் தாங்கவில்லை.

சரி, மண்டபத்துக்கு வருவோம்.

உள்ளே போனேன். கதிரைகள் போட்டு நிறையப் பேர் இருந்தார்கள். எல்லா முகத்திலும் சோகம். சரியான இடம்தான் என்று கடைசிக் கதிரையில் உட்கார்ந்தேன்.

கூட்டம் தொடங்கியதும் எல்லோரும் எழுந்து மௌனமாக நின்றார்கள். விட்டுப்போன சாராயத்துக்கு அஞ்சலி போலிருக்கிறது என்று நானும் தலையைக் குனிந்து நின்றேன்!

பிறகு தலைவி அக்கா என்னைப் பார்த்தார். "புதுசா வந்திருக்கிற தம்பி, வீட்டுல எத்தன பேரு? பந்தல், கதிரை எல்லாம் சங்கமே குடுக்கும்."

குடியை விட்டால் பந்தல் வேறு போடுவார்களா?

"பெட்டியும் நாங்கதான்" என்றார். அப்போதுதான் விளங்கியது.

அப்படியே எழுந்து பஸ் ஏறியிருக்கலாம். 'தேடினேன், கிடைக்கவில்லை' என்று வீட்டில் சொல்லியிருக்கலாம். பொய்யும் இல்லை. கால் வாசல் பக்கம் திரும்பியும் விட்டது.

ஆனால் மகளின் அந்த மெதுவான குரல்...

அக்காவிடம் போய் ரகசியமாகக் கேட்டேன். "அக்கா, இங்க குடிய விடுறதுக்கு ஒரு கூட்டம் நடக்குதாம்..."

(என் ரகசியக் குரல் எப்போதும் கடைசி வரிசை வரை கேட்கும்.)

மொத்தக் கூட்டமும் திரும்பிப் பார்த்தது. அக்கா என் தோளில் தட்டினார். "பின்பக்கம் சின்ன ரூம் இருக்கு, அங்க போங்க தம்பி. நம்ம சங்கத்துக்கு நீங்க மெதுவா வந்தா போதும். அவசரமே இல்ல!"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துக்கொண்டே பின்பக்கம் போனேன்.

சின்ன அறையில் ஏழெட்டுப் பேர். பேச்சு முக்கால்வாசி சிங்களம். என் சிங்களமோ மரக்கறிக் கடையோடு முடிந்துவிடும்.

யாழ்ப்பாணப் பேச்சு பேசுகிற ஒரு ஐயா பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டார். (இப்படிப்பட்டவர்களை நான் அரசாங்கக் கந்தோர் கவுன்டருக்கு அந்தப் பக்கம், அதிகாரியாகத்தான் பார்த்திருக்கிறேன்.) "தம்பி, நீங்கள் தமிழிலேயே கதையுங்கோ. நான் அவையளுக்குச் சொல்லுறன்" என்றார்.

தொண்டையைச் சரிசெய்துகொண்டு ஆரம்பித்தேன். "நான் பெருசா குடிக்கிறதில்லைங்க. சம்பளத்தன்னைக்கு. அப்புறம் ஒடம்பு வலிச்சா. மழை பேஞ்சா..."

ஐயா மொழிபெயர்க்கவில்லை. என்னையே பார்த்தார்.

"மழை பெய்யாட்டி?"

"அப்ப... வெயிலுக்குங்க."

"இதை அப்பிடியே சொல்லட்டோ?"

"வேணாங்க."

"பரவாயில்லை. நானும் முதல் நாள் இப்பிடித்தான் தொடங்கினனான். ஆறுதலாச் சொல்லுங்கோ."

யாரும் அவசரப்படுத்தவில்லை. மறுபடியும் ஆரம்பித்தேன்.

"ஆரம்பிச்சா எனக்கு நிறுத்தத் தெரியலைங்க. என் மக என்னப் பள்ளிக்கூடத்துக்கு வர வேணாங்குது."

ஐயா அதைச் சிங்களத்தில் சொன்னார். ஒரு சொல்லும் கூட்டவில்லை, குறைக்கவில்லை.

மரக்கறிக் கடைச் சிங்களத்துக்கே அது முழுக்க விளங்கியது. நான் சொன்னபோது என் வருத்தமாகத் தெரிந்தது, அவர் வாயில் கேட்டபோது என் மகளின் வருத்தமாகத் தெரிந்தது.

யாரும் புத்தி சொல்லவில்லை. எதிரே இருந்தவர் பிளேன்டீக் கோப்பையை என் பக்கம் தள்ளி வைத்தார். அவ்வளவுதான்.

வீட்டுக்கு வந்ததும் மகள் கேட்டாள். "எங்கப்பா போனீங்க?"

சொன்னேன்.

"அங்க என்ன பேசுனீங்க?"

"நீ என்னைய வர வேணாம்னு சொன்னத."

முகத்தைப் பாடக் கொப்பிக்குள் வைத்துக்கொண்டாள். ரொம்ப நேரம் கழித்து, "விழாவுக்கு இன்னும் நாள் இருக்கு. அடுத்த கிழமையும் போங்க. பெறகு சொல்றேன்" என்றாள்.

(மகளா, பள்ளிக்கூட அதிபரா?!)

அனுமதி கிடைக்கவில்லை. ஆனால் கதவைப் பூட்டவும் இல்லை.

இதை ஏன் ஃபேஸ்புக்கில் போடுகிறாய் என்று சிலர் கேட்பீர்கள். நான் குடிக்கிறது லயத்து வீடுகள் முழுக்கத் தெரியும். விடப் பார்க்கிறது மட்டும் ஏன் ரகசியமாக இருக்க வேண்டும்? (அங்கே யாரைக் கண்டேன் என்று மட்டும் கேட்காதீர்கள். செத்தாலும் சொல்ல மாட்டேன்.)

அடுத்த ஞாயிறு பசறையிலிருந்து பதுளைக்குக் காலை பஸ்ஸில் போகிறேன். என் பக்கத்து சீட் காலி. யாராவது வருகிறீர்களா? இன்பொக்ஸில் ஒரு வார்த்தை போதும்.

ஜன்னல் சீட் மட்டும் எனக்கு. அந்த வளைவுகளில் குடிக்காமலே எனக்குத் தலை சுற்றும்!